டேப்பு சட்டம்

அதே பை. அதே சாமான்கள். அப்பா அடுக்கினால் ஜிப் ஒரே இழுப்பில் மூடிக்கொண்டது. மகள் அடுக்கினால் ஸ்லீப்பிங் பேக் மட்டும் வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு, பந்தியில் இடம் கிடைக்காத பெரிய மனிதர் மாதிரி முறைத்தது.

ஒரு சட்டை கூடவில்லை, ஒரு காலுறை குறையவில்லை. துணிக் கவர்களைக்கூடப் பிரித்து எல்லாவற்றையும் கொட்டி அவர் மறுபடி அடுக்கினார். மூடியது. கொட்டி அவள் அடுக்கினாள். மூடவில்லை. அவள் அடுக்கிய பையின் மேல் அவர் ஏறி உட்கார்ந்து பார்த்தார். ஜிப் பாதி வழி வந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஜிப் ஓடும் பாதையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். மெழுகு தேய்த்தால் பற்களுக்கு நடுவே உரசல் குறையும், முரண்டு பிடிக்கிற ஜிப்பும் வழிக்கு வரும். இந்த ஜிப் முரண்டு பிடிக்கவில்லை. உள்ளே இடம் இல்லை, அவ்வளவுதான். அவர் அடுக்கும்போது இருந்த இடம் அவள் அடுக்கும்போது எங்கே போகிறது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. பைக்கு ஆள் தெரியுமா என்ன?

வேறு யாராவது இப்படித் திண்டாடினால் பரவாயில்லை. அவருக்குத் தொழிலே இதுதான். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டி ஏற்றும் கம்பெனியில் தலைமை பேக்கர். இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி எப்போதும் ஒரு பழுப்பு டேப்பு ரோல் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார் என்று அவர் சொல்வார். அதுவும் நிச்சயமில்லை என்று மனைவி சொல்வாள். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'டேப்பு'. ஒரு பல் மருத்துவரின் நாற்காலியை, அதன் விளக்கு, எச்சில் தொட்டி சகிதம், ஒரு கீறல் விழாமல் இன்னொரு ஊருக்கு அனுப்பியவர். மீன் தொட்டி, பியானோ, தையற்கடை பொம்மை எதுவும் அவரிடம் வாலாட்டியதில்லை. ஒன்பது வயது மகளின் முதுகுப் பை வாலாட்டியது.

இதில் அவருக்கு உறுத்திய இன்னொரு விஷயம் உண்டு. இந்தச் சிக்கலைப் பிறப்பித்தவரே அவர்தான்.

போன வருடமும் மகள் சாரணர் முகாமுக்குப் போனாள். அப்போது பையை அடுக்கியவர் அவர். அதை அடுக்கல் என்று சொல்வதுகூடக் குறைவு. டூத் பிரஷ் காலுறைக்குள், காலுறை டம்ளருக்குள், டம்ளர் ஷூவுக்குள், ஷூ சாப்பாட்டுத் தட்டுக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவே. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்க, பையைத் தலைகீழாகக் குலுக்கினாலும் ஒரு சத்தம் வராது. வழியனுப்ப வந்த பெற்றோர்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவரும் தொடவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் மகள் ஒரு காலுறையை உருவினாள். பை மொத்தமும் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்வது போல நிமிர்ந்து, கூடாரமெங்கும் பரவியது. அதைத் திரும்ப உள்ளே வைக்க யாராலும் முடியவில்லை. முகாமின் மூன்று ஆசிரியர்கள் முழங்காலிட்டு, தரையில் படம் வரைந்து முயன்றார்கள். மகள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவள் உடைமைகள் ஒரு கறுப்புக் குப்பைப் பையிலும் ஒரு தலையணை உறையிலும் வந்தன. இடது கால் ஷூ ஒரு மாதம் கழித்துத் தனியாக வந்து சேர்ந்தது. பேருந்தில் அவளுக்குக் 'குப்பை லாரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதன் பலனாக இந்த வருடம் ஒரு புது விதி. முகாமின் தலைமை ஆசிரியை, கழுத்தில் தொங்குவதை வைத்து எல்லோரும் விசில் டீச்சர் என்று கூப்பிடும் அம்மாள், அதைச் சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். புறப்படும் காலையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பையைப் பாயில் கொட்டி, தானே மறுபடி அடுக்கி மூட வேண்டும். பெரியவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம். மழை வரும் இடம் என்பதால் துணிகள் எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்க வேண்டும். முதுகில் மாட்டினால் பை பிள்ளையின் கழுத்துக்கு மேல் போகக்கூடாது. உள்ளே போகாத பொருள் வீட்டோடு. ஸ்லீப்பிங் பேக் உள்ளே போகாவிட்டால் பிள்ளையும் வீட்டோடு, ஏனென்றால் ராத்திரி குளிரும். சுற்றறிக்கையில் இதற்குப் பெயர் எதுவும் இல்லை. பெற்றோர்கள் மத்தியில் அதன் பெயர் 'டேப்பு சட்டம்'.

மகளை வீட்டில் சில்லு என்று கூப்பிடுவார்கள். அவள் இந்த வருடம் அணித் தலைவி. அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேரை வரிசையில் நிற்கவைத்து அதட்டலாம். சட்டைப் பையில் குத்திக்கொள்ள ஒரு மஞ்சள் பட்டையும் கொடுத்திருந்தார்கள். அதை அவள் பள்ளிச் சட்டையிலும் குத்தினாள், இரவு உடையிலும் குத்தினாள். அவள் போகாவிட்டால் பட்டை யாருக்குப் போகும் என்றும் அவளுக்குத் தெரியும். 'குப்பை லாரி' என்ற பெயரைக் கண்டுபிடித்தவளுக்கு.

ஆகவே அவர் பாடம் நடத்தினார். நடத்தத் தெரிந்தவர்தான். முதல் பாடம், கனமானது முதுகை ஒட்டி இருக்க வேண்டும். தட்டையும் தண்ணீர் பாட்டிலையும் பையின் வெளி ஓரத்தில் வைத்தால் அவை ஆளைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும். விழாமல் இருக்க நாம் முன்னால் குனிவோம், கொஞ்ச தூரத்தில் இடுப்பு வலிக்கும். அதே தட்டை முதுகோடு ஒட்டினால் நம் உடம்போடு சேர்ந்து அது நேராக நிற்கும். இதை நிரூபிக்க, ஒரு தண்ணீர்க் குடத்தை நெஞ்சோடு அணைத்தும் பிறகு கையை நீட்டிப் பிடித்தும் காட்டினார். நீட்டியபோது பாதித் தண்ணீர் சோபாவில் விழுந்தது. பாடம் மறக்காது.

இரண்டாவது, முதலில் தேவைப்படுவது மேலே. மழைக்கோட்டை அடியில் வைப்பவன் நனையவே விரும்புகிறான். மூன்றாவது, வெற்றிடம் விடாதே. ஷூவுக்குள் ஒன்றும் வைக்காமல் அனுப்புவது, காலி அறைக்கு வாடகை கொடுப்பது மாதிரி. நான்காவது கவர். துணியை வை, வாயை முறுக்கு, கட்டு. மூன்றே வேலை. டேப்பு ஒட்டினால் பிள்ளைகளால் பிரிக்க முடியாது என்று போன வருடம் தெரிந்துவிட்டதால், இந்த முறை ரப்பர் பேண்ட். அந்த அளவுக்கு அவர் இறங்கி வந்திருந்தார்.

சில்லு நான்கையும் மனப்பாடமாகச் சொன்னாள். சொன்னபடியே செய்தாள். சட்டைகளை ஒரு பாடப்புத்தக அளவுக்கு மடிக்கக்கூடக் கற்றுக்கொண்டாள். கவர்கள் தளதளவென்று, கன்னம் உப்பிய குழந்தைகள் மாதிரி வரிசையாக இருந்தன. அவர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அவர் தொழிலில் உப்பியது நல்லது. காற்றுக் குமிழி ஒட்டிய தாளைச் சுற்றித்தான் கண்ணாடியை அனுப்புவார்கள். காற்று அடைத்த தலையணைகளைப் பெட்டிகளுக்கு இடையில் செருகுவார்கள். கொழுகொழுவென்று இருக்கும் பொட்டலம் உடையாத பொட்டலம். "அருமையா கட்டியிருக்கடி" என்றார். பிறகு பை மூடவில்லை.

கம்பெனியில் மச்சானிடம் கேட்டார். மனைவியின் தம்பி. அவரோடு சேர்ந்து சாமான் ஏற்றுகிறவன், லாரியும் அவன்தான் ஓட்டுவான். அவன் ஒரு அலமாரியின் மேல் சாய்ந்துகொண்டு தீர யோசித்து, பெரிய பை வாங்கச் சொன்னான். கழுத்து உயர விதியைச் சொன்னதும், பிள்ளையை உயரமாக்கச் சொன்னான். கடைசியில் சோப்பை எடுத்துவிடும்படி ஆலோசனை வந்தது.

"முகாமுக்குப் போன எந்தப் பிள்ளை மாமா சோப்பைத் தொட்டிருக்கு? போன மாதிரியே திரும்பி வரும். அடுத்த வருஷமும் அதையே அனுப்பலாம்."

சோப்பை எடுத்தும் பார்த்தார். சோப்பு போன இடத்தில் ஒரு சோப்பு அளவு இடம்தான் கிடைத்தது. ஸ்லீப்பிங் பேக் அதற்கெல்லாம் மசிகிற ஜாதியில்லை.

மனைவி இதையெல்லாம் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து உயிர் பிழைக்கும் தொழில். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் யாராவது வேகமாகப் பேசினால் அவள் வலது கால் தரையை ஒரு அழுத்து அழுத்தும். அந்த வாரம் அவள் கால் ஓயவில்லை.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் சில்லு இன்னொரு முறை அடுக்கினாள். இன்னொரு முறை ஸ்லீப்பிங் பேக் தரையில் உட்கார்ந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். மஞ்சள் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"விடுப்பா. நான் போகல."

அவர் மணிக்கட்டு டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றார். அந்த நுனி கிடைக்கவே இல்லை.

மனைவியின் வலது கால் தரையை மிதித்தது.

"ஏங்க, நல்லா கார் ஓட்டுறவங்ககிட்ட, கிளட்ச்ச எப்ப விடுறீங்கன்னு நான் கேட்டிருக்கேன். ஒருத்தர்கூட சரியா சொன்னதில்ல. வாய் ஒண்ணு சொல்லும், கால் வேற பண்ணும். அவங்க பேச்சக் கேட்டுக் கத்துக்கிட்டா வண்டி செவுத்துலதான் நிக்கும். காலைப் பாக்கணும்."

"நான் காலால அடுக்கல."

"தெரியுது. அதான் கையைப் பாக்கலாம்னு சொல்றேன். நீங்க இன்னொருவாட்டி அடுக்குங்க. சில்லு, என் போனை எடுத்து வீடியோ எடு. அப்பா பேசுறத விட்டுடு, கையை மட்டும் எடு."

பேச்சை விட்டுவிடச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேமரா என்றதும் முதுகு நேரானது. சட்டையை நீவிவிட்டுக்கொண்டு அடுக்கினார். யாரும் கேட்காவிட்டாலும், கனமானது ஏன் முதுகை ஒட்டி இருக்க வேண்டும் என்பதை இடையிடையே உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். துணியை வைத்தார், முறுக்கினார், கட்டினார். ஜிப் ஒரே இழுப்பில் மூடிக்கொண்டது. கேமராவைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

மனைவி அவரை டார்ச்சுக்கு பேட்டரி வாங்க அனுப்பினாள். பேட்டரி இருக்கிறதே என்றார். அது பழசு என்றாள். நேற்றுதான் வாங்கினோம் என்றார். அவள் கால் தரையை மிதித்தது. அவர் கிளம்பினார்.

திரும்பி வந்தபோது பை சுவரோரம் நின்றது. முழுக்க மூடியிருந்தது. தரையில் ஒன்றும் இல்லை. மஞ்சள் பட்டை மறுபடி இரவு உடையில் ஏறியிருந்தது. அம்மாவும் மகளும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பாலைக் குடித்த பூனைகள் மாதிரி அவரைப் பார்த்தார்கள்.

யார் அடுக்கியது என்று கேட்டார். தான்தான் என்றாள் சில்லு. அம்மா உதவி செய்தாளா என்றார். அம்மா மேசையை விட்டு எழவே இல்லை என்றாள். சோப்பு உள்ளே இருக்கிறதா? இருக்கிறது. தட்டு? அதுவும். அவர் பையைத் தூக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார், எதற்கென்று தெரியாமல். ஜிப்பில் கை வைத்ததும் சில்லு ஓடி வந்து பையின் மேல் விழுந்தாள்.

"எப்படிடி பண்ணின? அதையாவது சொல்லு."

"சொல்ல மாட்டேன். சொன்னா நீ அதை இன்னும் நல்லா பண்றேன்னு ஆரம்பிப்ப. வேணாம்பா."

அவர் ஜிப்பிலிருந்து கையை எடுத்தார். போன வருடத்துச் சாட்சியங்கள் எல்லாம் அவளுக்குச் சாதகமாக இருந்தன.

மறுநாள் காலை பள்ளி மைதானத்தில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெற்றோர்கள், அந்தப் பக்கம் பாய்கள். விசில் டீச்சர் ஊதியதும் பிள்ளைகள் பைகளைக் கொட்டினார்கள். ஒரு பையிலிருந்து பையைவிடப் பெரிய தலையணை வந்தது. இன்னொன்றிலிருந்து துணியே வரவில்லை, பிஸ்கட் பாக்கெட்டுகள் மட்டும் வந்தன. அந்தப் பிள்ளையின் அப்பா வானத்தைப் பார்த்தார்.

டேப்பு வருவதைக் கண்டு பலர் முழங்கையால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அவர் கவனிக்கவில்லை. அவர் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. ரோலை மனைவி கழற்றித் தன் கைப்பையில் போட்டிருந்தாள். போதாதென்று அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்ப்பவர்களுக்கு அன்னியோன்னியமான தம்பதி மாதிரி தெரிந்திருக்கும்.

சில்லு சட்டைகளை மடித்தாள். முதல் கவருக்குள் வைத்தாள். அடுத்து வாயை முறுக்க வேண்டும். அவள் முறுக்கவில்லை. வாயைத் திறந்தபடியே விட்டு, கவரைப் பாயில் கிடத்தி, அதன்மேல் பல்லி மாதிரி குப்புறப் படுத்தாள்.

மைதானம் முழுக்கக் கேட்கும்படி கவரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சபையில் வரக்கூடாத சத்தம். பாய்களில் இருந்த பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். 'குப்பை லாரி'யைக் கண்டுபிடித்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சில்லு எழவில்லை. கடைசிப் புஸ் வரைக்கும் படுத்திருந்து, படுத்தபடியே வாயை முறுக்கி ரப்பர் பேண்டைப் போட்டாள். எழுந்தபோது கவர் அப்பளமாக இருந்தது.

உள்ளாடைகளும் காலுறைகளும் இருந்தது சின்னக் கவர். அதற்குப் படுக்கவில்லை. வயிற்றோடு சேர்த்து இடது கையால் இறுக்கி அணைத்து, மேலே மோவாயை வைத்து அழுத்திக்கொண்டு, வலது கையால் வாயை முறுக்கினாள். கண் பாதி மூடியிருந்தது. நாக்கின் நுனி ஓரமாக வெளியே வந்திருந்தது.

"யாரு மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி, மெதுவாக.

"நான் அப்படியெல்லாம் பண்றதில்ல."

"வீடியோ இருக்கு. நாக்கோட இருக்கு."

அவர் மகளின் மோவாயையும் கையையும் மறுபடி பார்த்தார். மெத்தை உறைகளை மூடும்போது அப்படி அணைப்பது உண்டு. அணைக்காமல் மெத்தையை யாரும் உறைக்குள் அடக்க முடியாது. அப்புறம் கம்பளி, திரைச்சீலை, துணி மூட்டை என்று கைக்கு வந்த எல்லாவற்றையும் உடம்பு அணைத்துக்கொண்டே இருந்திருக்கிறது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல். துணியை வை, முறுக்கு, கட்டு என்று மூன்று வேலையாக அவர் சொன்னது, செய்யும்போது நான்காக இருந்திருக்கிறது. அந்த ஒன்று விட்டுப்போனதால் ஒவ்வொரு கவரிலும் ஒரு தலையணை அளவு காற்றைக் கட்டி, அதற்கு ரப்பர் பேண்டும் போட்டு, மகள் பத்திரமாகப் பைக்குள் வைத்திருக்கிறாள். அதைத் தட்டிப் பார்த்து அருமை என்று சொன்னவரும் அவரேதான். ஸ்லீப்பிங் பேக் வெளியே உட்கார்ந்ததற்குக் காரணம், அதன் இடத்தில் ஏற்கெனவே காற்று குடியிருந்ததுதான்.

அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. படுப்பதற்குப் பதில் கவரை அடிப்பக்கமிருந்து சுருட்டிக்கொண்டே வந்தால் இன்னும் சுத்தமாக... கயிற்றைப் பார்த்து அரை அடி நகர்ந்தார். மனைவியின் கால் அவர் கால்மேல் பிரேக் மிதித்தது. நின்றுவிட்டார்.

ஸ்லீப்பிங் பேக்கின் கவர் பெரியது. சில்லு அதன்மேல் ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் உருண்டாள். இந்த முறை வந்த சத்தத்துக்கு விசில் டீச்சரே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. தட்டும் பாட்டிலும் முதுகை ஒட்டி, காலுறை ஷூவுக்குள், மழைக்கோட்டு மேலே. சில்லு ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பு. மேலே இன்னும் ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் இருந்தது.

விசில் டீச்சர் பையைத் தூக்கிப் பார்த்தார், குலுக்கினார், கயிற்றுக்கு அப்பால் நின்ற டேப்பைச் சந்தேகத்தோடு ஒரு பார்வை பார்த்தார். டேப்பின் இரண்டு கைகளும் மனைவியிடம் இருந்தன. டீச்சர் பையை இறக்கி வைத்து, இதே மாதிரி உப்பிய கவரோடு பக்கத்துப் பாயில் திணறிக்கொண்டிருந்த பொடியனைக் காட்டி, எப்படி என்று அவனுக்கும் சொல்லும்படி சில்லுவைக் கேட்டார். அவன் அவள் அணிதான்.

சில்லு மஞ்சள் பட்டையை நேராக்கிக்கொண்டாள்.

"துணியை வச்சதும் வாயைக் கட்டாத. திறந்தே வை. மேல குப்புறப் படுத்து உள்ள இருக்குற காத்தையெல்லாம் வெளிய தள்ளு. படுத்துக்கிட்டே முறுக்கு. அதுக்கப்புறம் கட்டு."